வயரில் கோளாறு

“ம், வாசி” என்றேன்.

பியூலா உடனே வாசிக்கவில்லை. முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரமே இல்லை. வெளியே பாளையங்கோட்டையின் பங்குனி வெயில். முன்னறையில் வயர் பற்றவைக்க ஈயமும் பேஸ்டும் உருகிய வாசனை இன்னும் போகவில்லை.

சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு கீபோர்டுகள் இருந்தன. சின்னது என் மனைவி பியூலாவுடையது. பெரியது நான் பழைய சாமானாகக் கொண்டு வந்தது. இரண்டுக்கும் நடுவே நான் பற்றவைத்த ஒரு கறுப்பு வயர்.

அவள் பெரியதில் ஒரு கட்டையை அமுக்கினாள். சத்தம் சின்னதிலிருந்து வந்தது. மெல்ல அமுக்கினாள், மெல்ல வந்தது. ஓங்கி அமுக்கினாள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிவிட்டேன். பல வருடக் காத்திருப்பு அது.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் வாசிக்கிற ஒரு துக்கப் பாட்டை அவள் ஆரம்பித்தாள். முதல் வரி நன்றாகப் போயிற்று. இரண்டாவது வரியில் ஒரு சுரத்தின் சத்தம் அமுங்கிப் போயிற்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. யாரோ வாயைப் பொத்தின மாதிரி நடுநடுவே காணாமல் போய்த் திரும்பி வந்தது. பியூலா கையை எடுத்துவிட்டாள்.

“வயர்ல ஏதோ கோளாறு” என்றேன்.

“இருக்கும்” என்றாள்.

அந்த ‘இருக்கும்’ எப்படிப்பட்ட ‘இருக்கும்’ என்று எனக்கு விளங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பியூலா போய்ப் பல வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு கருவி மக்கர் பண்ணினால் அந்தச் சொல்தான் முதலில் காதில் விழுகிறது.

துபாய்ப் பெட்டி

போன வாரம் இந்தப் பத்தியில் வால்வு ரேடியோவைப் பற்றி எழுதியதற்கு, “நீர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊரைச் சுற்றுகிறீர்” என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். வாஸ்தவம்தான். ஜங்ஷனில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். ஒரு செட்டைத் திறந்தால் எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோளாறுக்கு வருவேன். எழுத்திலும் அதே புத்தி.

பியூலா எங்கள் சபையில் வாத்தியம் வாசிப்பவள். கல்யாணத்துக்கு முந்தியே அப்படி. பெண் பார்க்கப் போனபோது என் அம்மா அவளுடைய சமையலைப் பற்றிக் கேட்டாள். அவளுடைய அம்மா வாசிப்பைப் பற்றிப் பதில் சொன்னாள். சமையலைப் பற்றி எனக்குப் பிறகு தெரிந்தது.

கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், காலால் மிதிக்கிற பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. துருத்தி கிழிந்து, பாட்டை விட மூச்சுத்தான் அதிகம் கேட்கும். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது, ஒரு சின்னக் கீபோர்டை டவலில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தார். குட்டிக் கட்டைகள். மடியில் வைத்து வாசிக்கலாம். ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போகலாம். சபையே வந்து பார்த்தது.

ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள். பிறகு முகம் மாறியது.

“என்னத்த பெட்டி இது. மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம், ஓங்கிக் குத்துனாலும் ஒரே சத்தம். மாவு மில்லு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு.”

வாத்தியக்காரர்கள் அதை ‘டச் இல்லை’ என்பார்கள். கட்டையை விரல் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதைச் சில கீபோர்டுகள் கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். இது விலை குறைந்த சின்னப் பெட்டி. கட்டை அமுங்கியதா இல்லையா என்பது மட்டும்தான் இதற்குத் தெரியும். படிக்கிற காலத்தில் பியூலா ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஒரு பியானோவில் வாசித்துப் பழகியவள். துக்கப் பாட்டுக்கு விரல் எப்படிப் பைய இறங்க வேண்டும், உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு எப்படி விழ வேண்டும் என்று தெரிந்தவள். அவளுக்கு இந்தப் பெட்டி வாய் நிறைய உணவை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

“பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே சத்தமா? அழுகைக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் வேண்டாமா?” என்று ஞாயிறு தவறாமல் புலம்புவாள். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே புலம்புவாள்.

நான் பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. மிடி என்கிற வயர் வழியாக இந்தப் பெட்டி எதையெல்லாம் அனுப்பும், எதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்ற விவரம். விரல் வேகத்துக்கு நேராக, அனுப்பும் பக்கத்தில் பெருக்கல் குறி. வாங்கும் பக்கத்தில் வட்டம். அதாவது அனுப்பாது, வாங்கிக்கொள்ளும்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெட்டியின் கட்டைகளுக்குத்தான் உணர்ச்சி கிடையாது. உள்ளே இருக்கிற சத்தத்துக்கு உண்டு. வேறு ஒரு நல்ல கீபோர்டு வயர் வழியாக ‘இந்தக் கட்டை, இவ்வளவு வேகம்’ என்று சொன்னால் போதும், இது அப்படியே மெல்லவும் பேசும், ஓங்கியும் பேசும். தேவைப்பட்டது டச் உள்ள இன்னொரு கீபோர்டு மட்டும்தான். அதை வாங்குகிற வசதி நமக்கேது?

“பொறு பியூலா, எப்படியாவது ஒண்ணு மாட்டும்” என்றேன்.

எழுப்பிவிடப்பட்டவர்

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பியூலாவுக்கு முன்னால் எங்கள் கோயிலில் வாசித்தவர் தாவீது வாத்தியார். வாலிபத்திலிருந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தவர். வயதான பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு கட்டைக்கு இரண்டு கட்டை விழும். பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிறு, இரண்டாம் பாட்டின் நடுவிலேயே சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து போய் அவருடைய தோளைத் தட்டினார். “வாத்தியாரே, எந்திரிங்க. அந்தப் பிள்ள வாசிக்கட்டும்.”

‘அந்தப் பிள்ள’ பியூலா. அப்போது அவள் தாவணி போட்ட பெண். போய் உட்கார்ந்தாள். முக்காலி இன்னும் சூடாக இருந்ததாம்.

அதையும்விட அவள் மறக்காதது வேறு. எழுந்த தாவீது வாத்தியாருக்கு எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. ஐம்பது வருஷமாக அந்தக் கோயிலில் அவர் வேறு எங்கும் உட்கார்ந்தது கிடையாது. தூண் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பியூலா வாசித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, “என்னைய யாரும் அப்படி எழுப்பக் கூடாது. நானா எந்திரிக்கணும்” என்றாள். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. “அதுக்கு இன்னும் ரொம்ப நாள் கெடக்கு, போய்ச் சோத்தப் போடு” என்று சிரித்தேன்.

வாய் போன பெரிய பெட்டி

மேலப்பாளையம் மைதீன், மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவர். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், கட்சி மேடை எல்லாவற்றுக்கும் போவார். என் கடையின் பழைய வாடிக்கை. ஒரு நாள் பெரிய கீபோர்டு ஒன்றை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். முகத்தைப் பார்த்தால் மய்யத்தை, அதாவது பிரேதத்தை, இறக்குகிற மாதிரி இருந்தது.

“ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கொடைக்குப் போனோம் அண்ணாச்சி. ஜெனரேட்டர்காரன் என்னத்தையோ முறுக்குனான். குப்புனு ஒரு வாடை. அதோட வாய மூடுனதுதான், தொறக்கல.”

திறந்து பார்த்தேன். சத்தம் உண்டாகிற சர்க்யூட் பலகை கருகிக் கிடந்தது. அதற்கு மாற்று இங்கே கிடைக்காது. மெட்ராஸிலும் கிடைக்காது. ஆனால் கட்டைகளும், கட்டைகளைக் கவனிக்கிற பலகையும் நன்றாக இருந்தன. விளக்கு எரிந்தது. மிடி வயர் வழியாகத் தகவல் போய்க்கொண்டிருந்தது.

“எல்லாம் உணருது மைதீன். சொல்லத்தான் முடியல” என்றேன்.

“அத வச்சு நான் என்ன செய்ய? பேசாத பெட்டியக் கொண்டுபோயி மேடையில வைக்க முடியுமாவே?”

“எனக்குத் தாருமேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். காரணத்தைச் சொன்னதும் பெட்டியை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். “கொண்டு போங்க. கோயில்ல வாசிச்சா அதுக்காவது புண்ணியம் கிடைக்கட்டும்” என்றார். நல்ல மனுஷன். இப்போது ஷார்ஜாவில் இருப்பதாகக் கேள்வி.

வீட்டில் ஒன்று பேசும், உணராது. இப்போது கிடைத்தது உணரும், பேசாது. இரண்டையும் ஒரு வயரில் சேர்த்துவிட்டால் முழு வாத்தியம். ஐந்து முள் பிளக் கடையிலேயே கிடந்தது. பழைய டேப் ரிக்கார்டர்களுக்குப் போடுவது. உள்ளே இரண்டு முள்ளுக்குத்தான் வேலை, இன்னொன்று மேலே சுற்றியிருக்கிற வலை வயருக்கு. மைக் வயரை வெட்டிப் பற்றவைத்தேன். அந்த வருடம் லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், நடந்துகொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்கு இதை வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்து, பாடகர் குழுத் தலைவர் ராஜதுரை சாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. பியூலா அந்தச் சின்னப் பெட்டியைத் திட்டுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்று வயர்

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். வாசித்தாள், சுரம் அமுங்கியது, வயரில் கோளாறு என்றேன்.

நான் ரிப்பேர்காரன். முதல் சந்தேகம் வயர்மேல்தான் விழும். நூற்றுக்கு எண்பது தடவை அது சரியாகவும் இருக்கும். வயரை மாற்றினேன். அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அமுங்கியது. பிளக்கை மாற்றினேன். அமுங்கியது. வயர் நீளமாக இருக்கிறதோ என்று அரை முழத்தில் இன்னொன்று செய்தேன். அதற்கும் அதே கதி.

நான் ஒற்றை விரலால் வரிசையாக அமுக்கிப் பார்த்தால் ஒரு சுரம்கூட அமுங்காது. அவள் வாசித்தால் அமுங்கும். யோசித்து யோசித்து ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். எனக்கு ஒற்றை விரல் வாசிப்பு. அவள் இரண்டு கையாலும் வாசிக்கிறாள். தகவல் மொத்தமாக வரும்போது வயர் திணறுகிறது. எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.

இதற்காக என்னை நானே அடித்துக்கொள்ளப் போவதில்லை. அவள் மறைத்தாள். மறைக்கத் தெரிந்தவள். தேங்காய் துருவப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். “உங்களுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டாம், எனக்கு வேண்டாமா” என்றாள். வலது கையில் தூக்குகிற குடம் இடது கைக்குப் போயிற்று. கருப்பட்டியைத் தட்டி உடைக்கிற வேலை என்னிடம் வந்தது. இதையெல்லாம் பார்த்து வியாதி என்று எவன் நினைப்பான்?

கூப்பிடும்போதெல்லாம் வந்தாள். வாசித்தாள். அமுங்கிய இடத்தில் கையை எடுத்தாள். “இன்னும் சரியாகலியா?” என்று என்னிடமே கேட்டாள். ஒவ்வொரு வயருக்கும் அவள் நம்பியிருக்கிறாள். ஒருவேளை நிஜமாகவே வயர்தானோ என்று.

ஒரே கட்டை

பெரிய வெள்ளிக்கு ஆறு நாள் முந்தி, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலை. பெரிய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். கட்டைக்கு அடியில் இருக்கிற ரப்பரையெல்லாம் எடுத்துத் துடைத்துப் பார்க்கலாம் என்று எண்ணம்.

பியூலா சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள். “அத நிமித்துங்க” என்றாள்.

“ரப்பர்ல அழுக்கு…”

“நிமித்துங்க. இங்கன வந்து நில்லுங்க.”

நிமிர்த்தி, மின்சாரம் கொடுத்து, வயரை மாட்டினேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே வலது கையின் ஆட்காட்டி விரலால் நடுவில் ஒரு கட்டையை அமுக்கினாள். கணீர் என்று கேட்டது.

“கேக்கா?”

“கேக்கு.”

“இப்ப அதே கட்ட.” மோதிர விரலை வைத்தாள். அமுக்கினாள். அவளுடைய கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். சத்தம் அடுத்த தெருவிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

“இது சுண்டு விரல்.” ஒன்றும் வரவில்லை. கட்டை கீழே போய் மேலே வருகிற ‘டக்’ மட்டும் கேட்டது.

“கட்ட ஒண்ணுதான். வயரும் ஒண்ணுதான். இன்னும் எத்தன வயரு மாத்தப் போறிய?”

அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் இருக்கிற சதை வற்றி, குழி விழுந்திருந்தது. எத்தனையோ தடவை பிடித்த கை. அந்தக் குழியை நான் பார்த்ததே இல்லை.

“எப்ப இருந்து?”

“முந்தா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தியே. இந்தச் சின்னப் பெட்டி இருக்கப் போயித்தான் தப்பிச்சேன். இதுக்கு எந்த வெரலும் ஒண்ணுதான. பைய வச்சாலும் முழுச்சத்தம் போடும். யாருக்கும் தெரியல. எனக்கே சில நேரம் மறந்துரும்.” வயரைத் தொட்டுக் காட்டினாள். “நீங்க வயர மாட்டுனீங்க. தெரிஞ்சு போச்சு.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி, மதுரை, ஊசியால் குத்திப் பார்க்கிற சோதனை எல்லாம் நடந்தது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது, சதை வற்றிக்கொண்டே போகும், மருந்து கிடையாது என்றார்கள். கைக்குப் பிறகு என்ன என்று நான் கேட்டேன். டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முழுவதையும் தின்றாள்.

கெட்டிக்கார மெக்கானிக்

அந்தச் சனிக்கிழமையன்றே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பெரிய வெள்ளி வந்துவிட்டது. சபை முழுவதும் புதுச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

“பெரிய பெட்டி கோயிலுக்கு வேண்டாம். பழையபடி இதையே வச்சு வாசிக்கேன். எவ்வளவு நாள் ஓடுதோ ஓடட்டும்” என்றாள் பியூலா.

“ராஜதுரை சார்ட்ட என்ன சொல்ல?”

“என்னத்தையாவது சொல்லுங்க. கைன்னு மட்டும் சொல்லிராதிய. சொன்னா அன்னைக்கே எழுப்பிருவாவ. பாவம்னு சொல்லி எழுப்புவாவ, அது இன்னும் மோசம்.”

நான் போய், “சார், வயர்ல கோளாறு. சரி வரமாட்டேங்குது” என்று சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, ஊரு ரேடியோவையெல்லாம் ரிப்பேர் பாக்குதீரு, ஒத்த வயரச் சரி பண்ண முடியலியா?” பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அது சபையில் நிலைத்த கேலியாகிவிட்டது. சபை விருந்தான அசனத்தில் பந்தியில் உட்கார்ந்தால், “அண்ணாச்சிக்கு நாலு கறித்துண்டு கூடப் போடு, வயர் செய்யத் தெம்பு வேணும்லா” என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள்கூட, “செட்டக் குடுக்கலாமா, இல்ல வயரு மாதிரி ஆகிருமா?” என்று கேட்டார்கள். என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பொறுக்காதவன் நான். அதற்காக ஒரு முறை வாடிக்கைக்காரர் ஒருவரின் டிரான்சிஸ்டரை ரோட்டில் வைத்துவிட்டு வந்தவன். அந்தக் கேலியை மட்டும் மனசாரப் பொறுத்துக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் அவளுடைய கையைப் பார்க்கமாட்டார்கள்.

பியூலா வாசித்தாள். அந்தப் பெரிய வெள்ளி, அடுத்த கிறிஸ்துமஸ், அதற்கடுத்த பெரிய வெள்ளி. ஒவ்வொரு விரலாகக் கழிந்தது. எந்த விரல் போனதோ அதை விட்டுவிட்டு மற்ற விரல்களுக்குப் பாட்டைப் பங்கு வைத்தாள். சின்னக் கட்டையாக இருந்ததால் எட்டியது. வீட்டில் மத்தியானம் முழுக்க அதே வேலை. அவள் முன்பு மாவு மில் என்று திட்டிய அந்த உணர்ச்சியில்லாத கட்டைகள்தான் அவளைத் தாங்கின. இறகு பட்டாலும் அவை முழுக் குரலில் பாடின.

எனக்குத்தான் அந்தச் சத்தம் பிடிக்காமல் போயிற்று. அத்தனை திடமாகக் கேட்கிற பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளின் தோள் எப்படிச் சரிகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆண்கள் பக்கம் உட்கார்ந்து அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிரசங்கம் ஒன்றுகூடக் காதில் ஏறியதில்லை.

ஞாயிறு மத்தியானம்

அது அறுப்பின் பண்டிகை. கோயில் வாசலில் வாழைத்தார், கரும்பு, பூசணி, நெல்மூட்டை எல்லாம் குவிந்து கிடந்தன. பாட்டுகள் அன்றைக்கு அதிகம். பியூலா இரண்டு கையிலும் சேர்த்து மிஞ்சியிருந்த விரல்களை வைத்து வாசித்தாள். ஒரு பாட்டில் கட்டையைப் புறங்கை முட்டியால் அமுக்கினாள், நான் பார்த்தேன். சத்தம் மட்டும் எப்போதும் போல முழுசாக வந்தது.

ஆராதனை முடிந்ததும் ராஜதுரை சார் வாசலில் பிடித்துக்கொண்டார். “பியூலாம்மா, இன்னைக்குப் பெட்டி என்ன முழக்கு முழக்கிச்சு! என்ன பலம்! ஒங்க வாசிப்புக்கு வயசே ஆகாது.” என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, அந்த வயரு?”

“இன்னும் சரியாகல சார்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தோம். சேலையைக்கூட மாற்றவில்லை. “அந்தப் பெரிய பெட்டிய எடுத்து வைங்க” என்றாள்.

“எதுக்குட்டி?”

“வைங்க. வயரையும் மாட்டுங்க.”

பரணிலிருந்து இறக்கி, தூசியைத் துடைத்தேன். மூன்று வயரில் முதலில் செய்ததை மாட்டினேன். முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைகளின்மேல் வைத்தாள். வெளியே சாரல் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தது.

அந்தப் பெரிய வெள்ளிப் பாட்டைத்தான் வாசித்தாள். முதன்முதலில் அமுங்கிய அதே பாட்டு.

பாட்டு வரவில்லை. கட்டைகள் போய் வருகிற ‘டக் டக்’ மட்டும் கேட்டது. நடுவில் எங்கோ ஒரு சுரம் மெலிசாக எழுந்தது. பிறகு மறுபடியும் கட்டைச் சத்தம். இன்னொரு சுரம். நான் பாட்டைத் தெரிந்தவன் என்பதால் நடுவில் இருப்பதை மனசுக்குள் நிரப்பிக்கொண்டேன். தெரியாதவன் கேட்டால் யாரோ மேஜையைத் துடைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

சத்தத்தைக் கூட்டலாம் என்று சின்னப் பெட்டியின் வால்யூம் பக்கம் கையைக் கொண்டு போனேன்.

“கூட்டாதிய” என்றாள். “இருக்கது இவ்வளவுதான். கேளுங்க.”

கேட்டேன். கடைசிச் சரணம் வரைக்கும் ஒன்றையும் விடாமல் வாசித்தாள். அவ்வளவு மெல்ல அவள் அந்தப் பாட்டை ஒரு நாளும் வாசித்ததில்லை. பெரிய வெள்ளிக்குப் பைய வாசிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் ஆசைப்பட்டாளே, அது அன்றைக்குத்தான் நடந்தது. என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

முடித்துவிட்டு, கைகளைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு வெள்ளன போயி ஐயர்ட்ட சொல்லிட்டு வருவோம். வேற ஆளு பாக்கட்டும்” என்றாள். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். “பொம்பளைங்க பக்கம் ஜன்னல் ஓரமா ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். அங்கன காத்து நல்லா வரும்.”

அவளுக்கு முக்காலியிலிருந்து எழுவதுகூட அப்போது சிரமம். நான் கை கொடுக்கப் போனேன்.

“விடுங்க” என்றாள். “நானா எந்திரிக்கேன்.”

மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.